அத்தானின் வாய்ப்பூட்டு

என் அக்காள் புருஷன் சிங்காரவேலுவை எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசவைத்துவிடலாம். பயிர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவைக்க முடியாது. திருவிடைமருதூருக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் சம்பா. கதிர் தலை சாய்ந்து நிற்கும். கேட்டால், "ஏதோ கெடக்கு" என்பார்.

வாழ்க்கையில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னார். ஒரு தை மாதம் என்னிடம், "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு மதி" என்றார். அடுத்த வாரமே மழையில் பயிர் அத்தனையும் படுத்து முளைவிட்டது. இன்னொரு தடவை, மகள் வானதியின் கல்யாணப் பந்தியில், "நல்ல எடம் அமைஞ்சிருச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இரண்டே வருஷத்தில் விவாகரத்து. தான் சொன்னதால்தான் கெட்டது என்று அதோடு வாய்க்குப் பூட்டு. மழைக்குக் காது கிடையாது அத்தான் என்று நான் கேலி செய்தாலும் சிரிக்கமாட்டார்.

சென்னையில் வேலை பார்க்கும் வானதி விவாகரத்துக்குப் பிறகுதான் ஓட ஆரம்பித்தாள். ஏற்காட்டு மலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, "இந்த ஒண்ணையாவது முழுசா முடிக்கணும்ப்பா. நீங்க வந்து நின்னா போதும்" என்றாள். வரப்பைவிட உயரமாக எதிலும் ஏறியிராத மனிதர், கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே என்னோடு வந்து சேர்ந்தார்.

மாலை ஐந்து மணிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஓடுகிறவர்களை யாரும் தொடக்கூடாது, தொட்டால் ஓட்டம் செல்லாது, சத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று ஓட்டத்தை நடத்துகிறவர்களில் ஒரு பெண் சொன்னாள். சத்தத்துக்கா பஞ்சம்? வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிற்கிற ஆளை இங்கிருந்தே கூப்பிடுகிற தொண்டை அத்தானுடையது.

"வா தம்பி, வந்துட்டே! அவ்ளோதாம்மா, இன்னும் நாலு எட்டு!"

முன்பின் தெரியாத பிள்ளைகள் கோட்டைத் தாண்டியதும் அழுதுகொண்டே வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது வானதி வளைவில் தெரிந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள். நான் கத்தினேன். அத்தான் கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி வாய் மூடி நின்றார்.

"கூப்பிடுங்க அத்தான்."

"கோட்டைத் தாண்டட்டும்."

"அவ திணறிக்கிட்டு வர்றா. இது வயல் இல்ல."

"என் வாயால ரெண்டு தடவை கெட்டது போதும் மதி."

எனக்கு வந்த கோபத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குள் வானதி நின்றுவிட்டாள். எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொல்லி நான் கத்தியது எதுவும் அவளிடம் எடுபடவில்லை. நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன. அத்தான் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து அவளிடம் ஓடப் பார்த்தார். "தொடாதீங்க ஐயா" என்று அந்தப் பெண் தடுத்துவிட்டாள்.

"வானதீ..."

அந்தக் குரலுக்கு மொத்தக் கூட்டமும் திரும்பியது. வானதி தலை நிமிர்ந்தாள். எழுந்தாள். அவர் கூப்பிடக் கூப்பிட நொண்டிக்கொண்டே வந்தாள். கோட்டுக்குச் சற்றுத் தூரத்தில் இருக்கும்போதே ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வந்து தாண்டினாள். அவள் பேர் முடித்தவர்களில் சேராது.

அத்தான் அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஏம்மா உக்காந்துட்டே?"

"மேல வளைவுலேருந்தே உங்க சத்தம் கேட்டுச்சுப்பா. யார் யாரையோ கூப்பிட்டீங்க. அதைப் புடிச்சுக்கிட்டுதான் எறங்குனேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டீங்களே. இதுலயும் நான் உங்களுக்குத் தலைகுனிவுன்னு நெனச்சிட்டேன்."

"இல்லம்மா. பயந்துட்டேன்."

"எதுக்குப்பா?"

அவள் நன்றாக ஓடிவந்தாள், அதனால்தான் பயந்தார். அதைக்கூட அத்தானால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.