உறக்கத்தில் துடித்த நாய்

வாசல் கேட்டடியில் உறங்கும் என் நாயின் கால்கள் துடிக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர், "வெறி பிடிச்ச விசர் நாய்போல இருக்கு, விரட்டிவிடுங்க" என்கிறார்.

சிறுவயதில், சம்மாந்துறை வயல் குடிசையில், வைக்கோல் மணக்கும் பகலில் எங்கள் காவல் நாயும் இப்படித்தான் துடித்தது. விசர் என்று பக்கத்து வயல்காரர் இருவர் அடிக்கப் பொல்லுத் தடிகளுடன் வந்தார்கள். உம்மா குறுக்கே நின்றார்.

"கனவு காணுது. கூப்பிட்டும் எழும்பாட்டி, உடம்பு விறைச்சா, அப்ப பயப்படுங்க" என்றவர், தள்ளி நின்றே "கறுப்பா!" என்று கூப்பிட்டார். நாய் கண்விழித்து வாலாட்டியது.

"என்ன புள்ள, ஒரு நாய்க்காக எங்களோட சண்டை பிடிக்கிறியா?" என்று வந்தவர்களில் ஒருவர் உம்மாவிடம் கேட்டார்.

"ஓம். எங்கட வயலைக் காக்கிற சீவன். அடிக்கிறதெண்டா முதல்ல எனக்கு அடிங்க."

அவர்கள் முணுமுணுத்தபடி போய்விட்டார்கள்.

இப்போது நானும் என் நாயைக் கூப்பிடுகிறேன். அது தலை தூக்குகிறது.

"இது இங்கதான் இருக்கும்" என்கிறேன் பக்கத்து வீட்டுக்காரரிடம்.