பார்வையாளர் நேரத்துக்கு முன்பே வந்த பதில்

சென்ற ஈஸ்டருக்கு மறுவாரம் என் மனைவி ராணியைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை, வலது கால், பாதிப் பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். தம்போயில் உள்ள எங்கள் வீட்டையும் ஓர் இலாகாவாக்கினேன். சுவரில் அட்டவணை: ஏழு பத்துக்கு மாத்திரை, ஏழரைக்குக் கஞ்சி, எட்டுக்குப் பயிற்சி. கேட்டில் அறிவிப்பு: பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஐந்து. சபையில் யாராவது உதவி வேண்டுமா என்று கேட்டால், "எல்லாம் ஒழுங்கா போவுது" என்பேன். வேலையில் பழகிய பொய்.

எட்டாவது வாரம் ராணி கஞ்சியைத் துப்பினாள். நான் கிண்ணத்தை மேசையில் ஓங்கி வைத்துக் கத்திவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என் கையால் தண்ணீர் தவிர எதுவும் வாங்கவில்லை. இப்படியே போனால் மூக்கில் குழாய் வைத்துத்தான் உணவு என்றார் வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவமனைத் தாதி.

அடுக்களையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, பொறுமை தாரும்" என்று ஆரம்பித்தேன். பாதியில் உண்மை வந்துவிட்டது. "என்னால் முடியவில்லை. யாரையாவது அனுப்பும்."

மறுநாள் காலை ஏழரைக்கே கேட் ஆடியது. எங்கள் சபை ஞானம்மா. செனாயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்து ஓய்வுபெற்றவர்.

"யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. எழும்பும்போதே ராணி அக்கா ஞாபகமாவே இருந்துச்சு." உள்ளே வந்தவர் அட்டவணையைப் பார்த்தார். "அலமாக்! அக்கா, இது வீடா, போலீஸ் ஸ்டேசனா? சிரிக்கிறதுக்கு டைம் போடலையே லா! அண்ணே, நீங்க போயி ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க."

"கஞ்சி நேரம்..."

"எனக்கும் படிக்கத் தெரியும். போங்க."

முனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அழுதேன். அலுவலகத்தில் எத்தனை பேருடைய லீவுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! எனக்கென்று ஒரு மணி நேரம் எடுக்கத் தெரியவில்லை. அழுது முடித்து இரண்டு ரொட்டி சானாயும் சாப்பிட்டேன். சாட்சி சொல்ல வந்தவன் உண்மையைச் சொல்ல வேண்டும்.

திரும்பியபோது ராணி கோணல் வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் பாதி காலி. ஞானம்மா கரண்டியை என்னிடம் நீட்டினார். நான் ராணியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கத்... தாதீங்க" என்றாள் ராணி. பிறகு வாயைத் திறந்தாள்.

இன்று அவள் கோலூன்றி நடக்கிறாள். வாரம் இரண்டு முறை ஞானம்மா வருகிறார், நான் வெளியே போகிறேன். கர்த்தருக்கு நன்றி. நோயாளியோடு தனியாகப் போராடுகிறவர்களே, முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வராது. என்னிடமும் சொல்லலாம். வியாழன் காலை உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். சமைக்க மட்டும் கேட்காதீர்கள்.