பெயரைத் தின்றவருக்கு எழுதிய அத்தியாயம்

பொத்தானக்கா என்றால்தான் எங்கள் வகையறாவில் தெரியும். என் சின்னம்மாவின் மூத்த மகள். எனக்கு ஆறு மாதம் பெரியவள். கட்டிக்கொடுத்த ஏழாம் வருடமே கணவன் போய்ச் சேர்ந்தான். அவனுடைய அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். கை தைக்கும், வாய் கதை சொல்லும். அப்புறம் சட்டைக்குள் வைக்கிற அட்டைகளின் பின்பக்கத்தில் அதையே எழுத ஆரம்பித்தாள்.

கணவனின் அண்ணன், அவளுக்கு அத்தான், ஒரு வாரப் பத்திரிகைக்கு விளம்பரம் பிடிப்பவர். "ஆசிரியர்கிட்ட காட்டுறேன், குடு" என்று அட்டைகளை வாங்கிப் போனார். தொடர்கதையாக வந்தது. வரிக்கு வரி அவள் எழுதியது. மேலே மட்டும் அத்தான் பெயர்.

"என்ன அத்தான் இது?"

"சொல்லப்போனா, ஒரே குடும்பம். என் பேரு என்ன, உன் பேரு என்ன?"

"அப்ப இந்த வீட்டையும் என் பேருல எழுதிடுங்களேன்."

"இருக்க இடம் வேணுமா, வேணாமா?"

வாயை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வாரம் மூடிக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். தெருவில் ஆளாளுக்கு அவரை நிறுத்தி, "அடுத்து என்ன சார் ஆகும்?" என்பார்கள். "வர்ற வாரம் பாருங்க" என்று மிதப்பாகச் சிரிப்பார். அக்காவுக்கு நூல் கோத்துக் கொடுக்கப் போய்வந்த எனக்கே பொறுக்கவில்லை.

அந்த மனுஷன் ஒரு வரி படித்ததில்லை. படித்தால் தலைவலியாம். "என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், தம்பி பொண்டாட்டிதான் பிரதி எடுத்துத் தர்றா" என்று ஆசிரியரிடம் சொல்லி, அட்டைகளை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வருவார். இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாரே, அங்கேதான் மாட்டினார்.

இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு புது ஆள் வந்தான். விளம்பரம் பிடிப்பவன். சட்டைப் பையில் பல் உடைந்த சீப்பு. வாயைத் திறந்தால் "சொல்லப்போனா". செத்துப்போன தம்பியின் மனைவி எழுதும் கதையைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறான். "தன்னையே கிண்டல் பண்ணிக்கிறாரே, என்ன துணிச்சல்!" என்று ஆசிரியர் அசந்துபோய், முழுப் பக்கப் படம் போடச் சொன்னார். ஓவியர் அத்தான் முகத்தையே வரைந்து வைத்தார்.

புதன்கிழமை பத்திரிகை வெளிவந்தது. முடி வெட்டுகிறவர் கத்தியை அத்தான் கன்னத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சொல்லப்போனா சார், கதை எழுதுற அந்தம்மா நல்லாருக்காங்களா?"

பாதிச் சவரத்தோடு பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடி, அன்றுதான் முதன்முதலாகப் படித்தார். அதற்குள் அலுவலகம் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. காகிதமும் பேனாவும் கொடுத்து, "அடுத்த அத்தியாயம் இங்கேயே உக்காந்து எழுதுங்க" என்றார். மத்தியானம் முழுக்க இரண்டு வரி எழுதினார். அதில் ஒன்று தலைப்பு.

சாயங்காலம் மனைவியோடு பின்னறைக்கு வந்து நின்றார். நான் அங்கேதான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதிக் குடு தாயீ, வேலை போயிடும்."

"இது யாரு கதைன்னு உங்க கையால ஆசிரியருக்கு எழுதுங்க. அதே பக்கத்துல வரணும். அப்புறந்தான் எழுதுவேன்."

"முடியாது! மூட்டையைக் கட்டு!"

அவர் மனைவி பாய்ந்தாள். "நீங்க சும்மா இருங்க. அவ போயிட்டா அடுத்த வாரம் யாரு எழுதுவா, நீங்களா?"

கடிதம் அச்சாகி வந்தது. கதையின் மேலே அக்கா பெயர், கொட்டை எழுத்தில். என்றாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அதான் பேரு வந்துடுச்சேக்கா. கதையில அந்த ஆளைக் கொன்னு, முடிச்சு விட்டுடேன்" என்றேன்.

"கொன்னா ஒரே வாரத்துல முடிஞ்சிடும்டி. இன்னும் முப்பது வாரம் இழுக்கலாம்னு ஆசிரியரே சொல்லிருக்காரு." புது அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டாள். "இந்த வாரம் அவனுக்குப் பல்வலி."