ஹெஸ்டர் எடுத்த சோகப் படம்

ஹெஸ்டர் குவிம்பி ஹாலிவுட்டுக்கு வந்தது தொப்பி தைக்க. ஒரு நாள் டைரக்டர் கதாநாயகியோடு சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார். அவர் கீழே போட்டுவிட்டுப் போன மெகாஃபோனை யாராவது எடுக்க வேண்டியிருந்தது; ஹெஸ்டரின் கை காலியாக இருந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு படம். திருடன், தீ விபத்து, தொலைந்த குழந்தை, எதைக் கொடுத்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவாள்.

அவளுக்கு ஆசையெல்லாம் ஒரு சோகப் படத்தின் மேல். முதலாளி ஸ்பிராக் இரண்டு மாதம் கெஞ்சவிட்டுத்தான் சம்மதித்தார்.

"ஒரு தடவைதான்மா. பாக்கறவங்க கண்ணுல தண்ணி வரலேன்னா நீ மறுபடி தொப்பி அறைக்குப் போயிடணும்."

"போயிடறேங்க."

கடைசிக் காட்சி கல்யாணம். காதலனை விட்டுவிட்டு, அப்பா காட்டிய கிழவரை மணக்கிறாள் நாயகி. ஆரஞ்சுத் தோப்பை ஒட்டிய படப்பிடிப்பு மேடைக்குக் கூரை கிடையாது, வெயிலை வடிகட்ட மேலே வெள்ளைத் துணி மட்டும். மேடையில் போட்ட அட்டைச் சர்ச்சுக்குள் காற்றடித்துப் பாதிரியாரின் ஒட்டுத் தாடி இரண்டு முறை பறந்தது.

கேமராவைக் கையால் சுற்றுபவன் ஆர்லோ. கை மெதுவானால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள். அதனால் ஒரு பட்டாளத்துப் பாட்டை உதட்டுக்குள் முனகியே சீராகச் சுற்றுவான். மூன்று வருடத்தில் "வெளிச்சம் போகுது" என்பதைத் தவிர அவன் அவளிடம் அதிகம் பேசியதில்லை.

அன்று பாட்டு பாதியில் நின்றது.

"மிஸ் ஹெஸ்டர்."

"சுத்து."

"சுத்திட்டுதான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும்."

"பொண்ணே, தலையைக் குனி," என்று மெகாஃபோனில் கத்திவிட்டு, "கேளு," என்றாள்.

"என்னைக் கட்டிக்கறீங்களா?"

ஊமைப் படம், யார் என்ன பேசினாலும் பதிவாகாது என்கிற தைரியம் அவனுக்கு. ஹெஸ்டர் மெகாஃபோனை வாயிலிருந்து எடுக்க மறந்தாள்.

"இதை இப்பவா கேப்பே?"

மேடையில் கிழ மாப்பிள்ளை திடுக்கிட்டார். "நான் ஒண்ணும் கேக்கலையேம்மா."

"உங்களை இல்லை. மோதிரத்தைப் போடுங்க. ஆர்லோ, அப்புறம் சொல்றேன், நீ சுத்து."

அவன் சுற்றினான். பாட்டு இல்லாத கை, கனவில் நடப்பவனைப் போல மெல்லச் சுற்றியது.

சனிக்கிழமை போட்டுப் பார்த்தார்கள். மணப்பெண் நாய் துரத்துவதுபோல் ஓடிவந்தாள். பாதிரியார் ஈ ஓட்டுவதுபோல் ஆசீர்வதித்தார். மாப்பிள்ளை, தபால்பெட்டியில் கடிதம் போடுகிற அவசரத்தில் மோதிரம் போட்டார். ஹெஸ்டருக்குத் தொப்பி அறையின் பசை வாசனையே வந்துவிட்டது.

"என் தப்புதாங்க," என்று ஆர்லோ எழுந்தான். "கை பாதி வேகத்துல போயிடுச்சு."

ஸ்பிராக்கின் தோள் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்தார், அது போதாமல் கழுத்துப் பட்டையால் துடைத்தார்.

"கண்ணுல தண்ணி வரணும்னுதானே பேச்சு?" சிரிப்பில் மூச்சு வாங்கினார். "வந்துடுச்சும்மா. இன்னொரு தடவை போடச் சொல்லு."

இருட்டில் படம் மறுபடி ஓடத் தொடங்கியது. மெகாஃபோன் இல்லாமலே ஹெஸ்டர் திரும்பினாள்.

"ஆர்லோ, சரி."

அப்புறம் எண்பது சிரிப்புப் படங்கள் எடுத்தாள். ஆட்கள் ஓடவேண்டிய காட்சி வந்தால், ஆர்லோவிடம் வேகம் எதுவும் சொல்லமாட்டாள். பக்கத்தில் போய் நின்று, காதில் ஏதோ சொல்வாள்.