எடிசா அக்கா நிறுத்திய முரசு

என் பெரியப்பா மகள் எடிசா அக்காவைப் போல எதிர்த்துப் பேசுபவர் எங்கள் குலத்தில் வேறெவரும் இல்லை. உகாண்டாவின் மசாக்கா சந்தையில் ஏரி மீன் கருவாடு விற்பவர். தம்பி முபிரு இறந்ததும் அவன் மகள் தெண்டோவைத் தம்மோடு அழைத்துக்கொண்டவர்.

தெண்டோவுக்குப் பதினான்கு வயது. பெரியவர்கள் முன் மண்டியிட்டு வணங்க மாட்டாள், முகம் பார்க்க மாட்டாள், பேச்சு அரிது. கம்பாலா மருத்துவர் அதை ஆட்டிசம் என்றார், இரண்டாம் நிலை என்றார். அதைக் கேட்டு அக்காவின் அண்ணன் எரிஃபாசி மகிழ்ந்தே போனார்.

"ரெண்டா? பரவாயில்லையே! அடுத்த வருஷம் மூணுக்குப் போயிடுவாளா?"

"அது பள்ளிக்கூடத்து வகுப்பில்லண்ணா. மூணுன்னா நாம அவள இன்னும் அதிகமா தாங்கணும். அந்த நம்பர் அவளுக்குப் போட்ட மார்க் இல்ல. நமக்குக் குடுத்த வேலை."

முபிருவின் வாரிசாக மகன் சாலி நிற்கும் நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி, உடன்பிறந்தவள் மரப்பட்டைத் துணியைத் தோளில் முடிந்து அவனருகே நிற்க வேண்டும். சாலிக்கு உடன்பிறந்தவள் தெண்டோ ஒருத்திதான். எரிஃபாசியோ தம் மகளை நிறுத்தத் துணிந்தார். அந்த இடம் கைமாறினால், முபிருவுக்கு மகளே இல்லை என்றுதான் குலம் பேசும்.

காலையில் முரசு முழங்கியது. தெண்டோ காதுகளைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா? மண்டி போடவும் தெரியாது, நிக்கவும் தெரியாது. சபையில என் மானத்த வாங்கப் போறியா?"

"அவ்வளவு லேசா போற மானம்னா போகட்டும்ணா!"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அக்கா நேராக முரசுக்காரர்களிடம் நடந்தார்.

"குச்சியக் கீழ வைங்கடா, தம்பிங்களா."

"முரசில்லாம வாரிசா?" எரிஃபாசி கத்தினார். "செத்தவனுக்கு எப்படிக் கேக்கும்?"

"உசுரோட இருந்தப்பவே இவளுக்காக ரேடியோவ அணைச்சு வெச்சவன் அவன். அவனுக்குக் கேக்கும்."

குச்சிகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. அக்கா அவசரப்படுத்தவில்லை, வெயில் ஏறும்வரை எல்லோரையும் காக்க வைத்தார். தெண்டோ தானாகவே எழுந்து வந்தாள். சொரசொரப்பு உடம்பில் படாதபடி, பருத்திச் சட்டைக்கு மேலேயே அந்தத் துணியை அக்கா முடிந்துவிட்டார். தெண்டோ கூரையைப் பார்த்தபடி தன் அண்ணனருகே நின்றாள். மண்டியிடவில்லை.

குடும்பக் குறிப்புகளை எழுதுபவன் நான் என்பதால் எரிஃபாசி என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோ. முரசு அடிக்கலன்னு எழுதிக்கோ."

"எழுதுடா தம்பி," என்றார் எடிசா அக்கா. "யாருக்காக நிறுத்தினோம்னும் பேரோட எழுது."