முதலில் கிளம்பியது யார்

சாகின்பை அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊரின் அறுபது வீட்டுச் செம்மறிகளையும் பதினேழு வருடமாக மேய்ப்பவர் அவர்தான். மனைவி குல்சாரா மாஸ்கோவில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாக அவரைக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவர் ஊர்த்தலைவர் ஒர்மோனிடம் போய் நிற்பார்.

"நீ போயிட்டா மந்தை யார் பின்னாலடா போகும்?" என்பார் ஒர்மோன். மாற்று ஆள் இல்லாமல் விட்டுப்போக அண்ணனுக்கு மனம் வராது. திரும்பிவிடுவார்.

நான் தலைநகர் பிஷ்கெக்கில் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மந்தையை நடத்துவது யார் என்பதே என் ஆய்வு. முப்பது ஆடுகளுக்கும், முன்னால் போகும் மணி கட்டிய வெள்ளாட்டுக் கிடாவுக்கும் ஜிபிஎஸ் பட்டை மாட்டினேன். ஒரு கருவியை அண்ணன் சட்டைப்பையில் போட்டேன்.

"என்னையும் ஆட்டோட சேர்த்துட்டியா, பாப்பா?"

முன்னால் போவது வேறு, முதலில் கிளம்புவது வேறு. இரண்டு ஜிபிஎஸ் தடங்களில் ஒன்றை வினாடி வினாடியாக நகர்த்தி, மற்றதோடு எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தால், யார் யாருக்குப் பின் கிளம்பினார்கள் என்பது தெரிந்துவிடும். கோடை முழுக்கப் பார்த்தேன். முதலில் கிளம்பியவை நாலு கிழட்டுப் பெட்டைகள். ஒன்பது வினாடி கழித்துக் கிடா. நாற்பது வினாடி கழித்து அண்ணன்.

"அப்ப நான்தான் அதுங்க பின்னால போனேனா?" சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டினார். "வா, இதை ஒர்மோன்கிட்ட காட்டு."

ஒர்மோன் புளித்த குதிரைப்பால் குமிஸ் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் நீட்டிய தாளைப் பார்த்தார். "ஆடுங்க தானாவே போகுதா?"

"ஆமா."

"அப்புறம் என்னடா சாகின்பை? சும்மா பின்னால நடக்குற வேலை. இந்தச் சொகுசை விட்டுட்டு மாஸ்கோவுல மூட்டை தூக்கப் போறியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சும்மா நடக்குற வேலைன்னா வேற யாராவது நடக்கலாமே," என்றேன்.

"ஏம்மா, நீ நடக்குறியா?"

தாளை மடித்தேன். அடுத்த வாரம் நான் பிஷ்கெக் திரும்ப வேண்டும். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

என் ஆய்வை வேறு கேள்வியோடு தொடங்கியிருக்க வேண்டுமோ?

மறுநாள் காலை கணினியைத் திறந்தேன். கருவி இன்னும் அண்ணன் பையில்தான் இருந்தது. பெட்டைகளின் புள்ளிகள் மேட்டில் ஏறின. கிடாவும் ஏறியது. நாற்பது வினாடி கடந்தது. அவர் புள்ளி அசையவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். மந்தை மேட்டைத் தாண்டிவிட்டது.

மாஸ்கோவுக்குப் போயிடுங்க அண்ணே, என்று வாய்விட்டே சொன்னேன்.

நாலாவது நிமிடத்தில் புள்ளி மேட்டை நோக்கி நகர்ந்தது.