எங்கடை ஆக்கள் இல்லாத நாடுகள்

யாழ்ப்பாணத்தில் சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில், சுவிஸிலிருந்து என்னைப் பெண் பார்க்க ஒருவர் எங்கள் ஊரான அளவெட்டிக்கு வந்தார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். எதைச் சொன்னாலும் விரலால் மேசையில் வரைபடம் கீறுவார்.

"லீவிலை என்ன செய்வியள், தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"ஐரோப்பாவிலை இருக்கிற ஆகச் சின்ன நாடுகளைப் பாக்கப் போவன். லிக்டென்ஸ்டைனை ஒரு பகலுக்கை நடந்தே கடந்திட்டன்."

"அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் போறனான்."

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

பூகோளப் புத்தகத்தில் மட்டுமே நான் கண்ட நாடு அது. பொறுக்க முடியாமல், "நானும் நடப்பன்" என்றேன். அம்மா கிள்ளினார்.

வந்தவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல ஏத்தம். மூச்சு வாங்கும்."

"பரவாயில்லை."

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அவர் போய்வரும் இடங்களிலுள்ள சொந்தக்காரரிடம் குடி, சீட்டு எல்லாம் விசாரிப்பது எங்கள் வழக்கம். அவர் போனதும் அப்பா சொன்னார்: "சுவிஸிலை விசாரிக்கலாம். உந்த நாடுகளிலை ஆள் என்ன செய்யுதெண்டு ஆரிட்டை விசாரிக்கிறது?"

சம்பந்தம் அதோடு முடிந்தது. எனக்குச் சம்மதம், ஓம் என்று நான் சொன்னதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் நன்றாக விசாரிக்கப்பட்டவர்கள். ஏற்றம் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.